கால்விரலுக்கு கேமரா... கல்லாப்பெட்டிக்கு?

2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. ஊரே ஐ.பி.எல். பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் அபார்ட்மென்ட்டின் மூன்றாவது மாடியில் மட்டும் வேறு மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே குடியிருக்கும் சாஃப்ட்வேர் பையன்கள் மூன்று பேரும் மான்செஸ்டர் யுனைடெட் பைத்தியங்கள். ''அங்கிள், எஃப்.ஏ. கப் செமி ஃபைனல். வாங்க'' என்றார்கள். போனேன்.

எதிரணி கோவென்ட்ரி சிட்டி. இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷன் டீம். எழுபது நிமிடம் வரை 3-0 என்று யுனைடெட் சட்டைப்பையில் இருந்த மேட்ச் அது. பையன்கள் ஃபைனலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் கூத்து. 71-வது நிமிடம் ஒரு கோல். 79-ல் இன்னொன்று. ஆட்டம் முடிந்து கூட்டிக் கொடுத்த நேரத்தில் ஒரு பெனால்டி. 3-3! எக்ஸ்ட்ரா டைமும் ஓடி முடிந்து, கடைசி விசிலுக்கு ரெஃப்ரி வாயைக் குவிக்கப்போகும் நேரம். கோவென்ட்ரியின் விக்டர் டோர்ப் பந்தை வலைக்குள் தள்ளினார். 4-3. வெம்ப்லி ஸ்டேடியத்தில் கோவென்ட்ரிக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் அப்படியே பொங்கியது. எனக்கு அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனாலும் சோபாவை விட்டு எழுந்து கத்திவிட்டேன்.

அப்புறம் டி.வி.யில் இரண்டு கோடு வந்தது.

டோர்ப்புக்குப் பந்து கொடுத்த ஹாஜி ரைட்டின் கால் நுனி, யுனைடெட் ஆளின் கால் நுனியைவிட ஒரு இம்மி முன்னால் இருந்ததாம். ஆஃப்சைடு. கோல் கேன்சல். பிறகு பெனால்டி ஷூட் அவுட்டில் யுனைடெட் 4-2 என்று ஜெயித்தது.

''என்னடா இது அநியாயம்?'' என்றேன். பையன்களில் ஒருவன் பொறுமையாகச் சொன்னான்: ''அங்கிள், அது ஆஃப்சைடுதான். கோடு போட்டே காட்டிட்டாங்களே... சயின்ஸ் அங்கிள், சயின்ஸ்!''

அந்த 'சயின்ஸ்' என்ற வார்த்தையோடுதான் இந்த வாரம் எனக்குச் சண்டை. ஃபுட்பால் பக்கமே போகாதவர் நீங்கள் என்றாலும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். விஷயம் ஃபுட்பால் மட்டும் இல்லை.

★

முதலில் ஒரு வாக்குமூலம். வீடியோ வேண்டும் என்று கேட்டவர்களில் நானும் ஒருவன்.

கேட்காமல் எப்படி இருக்க முடியும்? 1986 உலகக் கோப்பையில் மரடோனா கையால் தட்டிவிட்ட பந்து கோலானது. உலகமே பார்த்தது. ரெஃப்ரி அலி பென்னாசியூர் பார்க்கவில்லை. 2009-ல் பிரான்ஸின் தியரி ஆன்றி கையால் பந்தை அணைத்துப் பக்கத்து ஆளுக்குக் கொடுத்தார். அந்தக் கோலால் அயர்லாந்து உலகக் கோப்பைக்கே போகமுடியாமல் போனது. கூத்து அதோடு முடியவில்லை. அயர்லாந்து ஃபுட்பால் சங்கம் கோர்ட்டுக்குப் போய்விடாமல் இருக்க ஃபிஃபா 50 லட்சம் யூரோ கொடுத்த கதை 2015-ல்தான் வெளியே வந்தது. ஆடுகளத்தில் நடந்த தப்புக்குக் கணக்குப் புத்தகத்தில் பரிகாரம்! இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் ஃபிராங்க் லாம்பார்ட் அடித்த பந்து பாரில் பட்டுக் கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்து வெளியே வந்தது. கோல் இல்லை என்றார்கள். இங்கிலாந்து 4-1 என்று தோற்றது. அதற்குப் பிறகுதான் ஃபிஃபா தூக்கம் கலைந்து, 2012-ல் கோல் லைன் டெக்னாலஜிக்கு அனுமதி வந்தது. பந்து கோட்டைத் தாண்டினால் ரெஃப்ரியின் வாட்ச் அடுத்த விநாடியே சொல்லிவிடும். யாரும் காத்திருக்க வேண்டாம். அருமையான விஷயம். இதற்கு என் ஓட்டு இன்றைக்கும் உண்டு.

ஏனென்றால் கேள்வி ரொம்ப எளிமையானது. பந்து கோட்டைத் தாண்டியதா, இல்லையா? இதற்குப் பதில் இருக்கிறது. மெஷின் சொல்லலாம்.

ஆனால் 2018-ல் சட்டப் புத்தகத்தில் ஏறிய 'வி.ஏ.ஆர்.' என்கிற வீடியோ ரெஃப்ரி சமாசாரம் அப்படிப்பட்டது அல்ல. ஆரம்பத்தில் சொன்ன வார்த்தை நன்றாகத்தான் இருந்தது. கோல், பெனால்டி, நேரடி ரெட் கார்டு, ஆள் மாறாட்டம் ஆகிய நாலே விஷயம். அதிலும் ரெஃப்ரி செய்தது 'தெளிவான, வெளிப்படையான தவறு' என்றால் மட்டுமே தலையிடுவோம் என்றார்கள்.

தெளிவான, வெளிப்படையான தவறு என்றால் என்ன? மரடோனா கை. ஆன்றி கை. டீக்கடையில் நின்று பார்ப்பவனுக்கும் தெரிவது. ஹாஜி ரைட்டின் கால் நுனி எந்த ஊரில் 'தெளிவு'? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது என்றால், அதற்குப் பெயர் வெளிப்படை அல்ல. 'ஆஃப்சைடு வெறும் அளவு விஷயம், அதற்குத் தெளிவு கிளிவு எல்லாம் வேண்டாம்' என்று ஒரு விதிவிலக்கு வைத்துக்கொண்டு இந்தக் கோட்டைப் போடுகிறார்கள்.

★

சரி, அளவு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சின்னக் கணக்கு போடலாமா?

இங்கிலாந்தில் அந்த சீஸனில் ஆஃப்சைடு கோடு போட்டது விநாடிக்கு 50 படம் எடுக்கும் கேமராவை வைத்து. ஓடுகிற ஆட்டக்காரர் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் போகிறார் என்று வையுங்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் அவர் நகரும் தூரம் 16 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு ஜாண். பந்து காலை விட்டுக் கிளம்பிய கணம் இந்தப் படமா, அடுத்த படமா என்று மவுஸைப் பிடித்திருக்கும் ஒரு மனிதர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒரு ஜாண் சந்தேகம் உள்ள அளவுகோலை வைத்துக்கொண்டு விரல் நுனியை அளந்தார்கள். இதைத்தான் என் பையன் சயின்ஸ் என்கிறான். தம்பி, நீ இன்ஜினீயர். பிழை எவ்வளவு என்று சொல்லாத அளவு ஓர் அளவா?

2021-ல் இது அவர்களுக்கே உறைத்து, கோட்டைக் கொஞ்சம் தடிமனாக்கினார்கள். சந்தேகத்தின் பலன் கோல் அடிக்க ஓடுகிறவருக்கு என்றார்கள். நல்லது. ஆனால் தடிமனான கோட்டுக்கும் ஒரு விளிம்பு உண்டே! சண்டை அந்த விளிம்புக்கு இடம் மாறியது. அவ்வளவுதான்.

இதில் நம்ம கிரிக்கெட் எவ்வளவோ தேவலாம். 1992-ல் டர்பனில் டி.வி. அம்பயர் தீர்ப்பில் அவுட்டான முதல் ஆள் நம்ம சச்சின்தான். அன்றிலிருந்து பார்த்துவருகிறோம். டி.ஆர்.எஸ்.ஸில் 'அம்பயர்ஸ் கால்' என்று ஒன்று உண்டல்லவா? அதை நாம் எல்லோரும் திட்டியிருக்கிறோம். யோசித்துப் பாருங்கள், அது எவ்வளவு நேர்மையான ஏற்பாடு! 'இதற்கு மேல் மெஷினுக்கே நிச்சயம் இல்லை, அதனால் களத்தில் நின்றவர் சொன்னதே செல்லும்' என்று மெஷின் வாயாலேயே ஒப்புக்கொள்கிறது. அந்த அடக்கம் ஃபுட்பால் கோட்டுக்கு இல்லை.

இன்னொரு வித்தியாசம். கிரிக்கெட் நிறுத்தி நிறுத்தி ஆடுகிற ஆட்டம். பந்துக்குப் பந்து இடைவெளி. நடுவில் ஒரு ரீப்ளே ஓடினால் குடி முழுகிவிடாது. ஃபுட்பாலில் தொண்ணூறு நிமிடம் கத்திவிட்டு, ஒரே ஒரு கோலுக்காகத்தான் மனிதன் ஸ்டேடியத்துக்குப் போகிறான். அந்த ஒரு நொடிச் சந்தோஷத்தையும் 'கொஞ்சம் இரு, லண்டன் பக்கம் ஸ்டாக்லி பார்க் ரூமில் பார்த்துச் சொல்கிறேன்' என்று தள்ளிப்போட்டால் என்ன மிச்சம்? காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவனுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது. வீட்டில் டி.வி. பார்க்கிற எனக்கு எல்லாம் தெரிகிறது. யாருக்காக நடக்கிறது இந்த ஆட்டம்?

அளவு விஷயமே இப்படி என்றால், அபிப்பிராய விஷயம்? 2018 உலகக் கோப்பை ஃபைனல் ஞாபகம் இருக்கிறதா? குரோஷியாவின் பெரிஸிச் கையில் பந்து பட்டது. ரெஃப்ரி பிட்டானா மைதானத்தின் ஓரத்திலிருந்த டி.வி.க்குப் போய்ப் பார்த்தார். கிளம்பினார். மனசு கேட்காமல் திரும்பவும் போய்ப் பார்த்தார். பிறகு பெனால்டி கொடுத்தார். பிரான்ஸ் 4-2 என்று ஜெயித்தது. இரண்டாவது தடவை போய்ப் பார்க்கவேண்டி வந்ததே, அங்கேயே தெரிந்துவிட்டதே அது 'வெளிப்படை' இல்லை என்று! ஸ்லோமோஷனில் போட்டால் தற்செயலாகப் பட்ட கைகூட திட்டமிட்டு நீட்டின மாதிரிதான் தெரியும். உங்கள் கல்யாண வீடியோவை ஸ்லோமோஷனில் போட்டுப் பாருங்கள், மாமனார் முறைத்த மாதிரியே இருக்கும்.

★

''மனுஷன் தப்பு பண்ணுவான், மெஷின் பண்ணாது'' என்பது அடுத்த வாதம்.

2020 ஜூன் 17. ஆஸ்டன் வில்லாவும் ஷெஃபீல்டு யுனைடெடும் ஆடிய மேட்ச். வில்லா கோல்கீப்பர் பந்தை அணைத்தபடி கோட்டைத் தாண்டி வலைக்குள்ளேயே போய்விட்டார். நான் புகழ்ந்த அதே கோல் லைன் மெஷின் சும்மா இருந்தது. ஆட்கள் மறைத்ததால் ஏழு கேமராவுக்கும் பந்து தெரியவில்லை என்று பிறகு அந்தக் கம்பெனி மன்னிப்புக் கேட்டது. மேட்ச் 0-0. வீடியோ ரெஃப்ரியும் வாய் திறக்கவில்லை. சீஸன் முடிவில் வில்லா ஒரே ஒரு பாயின்ட்டில் தப்பித்தது. போர்ன்மவுத் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. அந்த ஒரு கோல் கொடுத்திருந்தால் தலைகீழாகியிருக்கும்.

2023 செப்டம்பர் 30. டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த சுத்தமான கோல். லைன்ஸ்மேன் ஆஃப்சைடு கொடி தூக்கிவிட்டார். வீடியோ ரூமில் பார்த்தார்கள். ஆஃப்சைடு இல்லை என்று சரியாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால், களத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு 'செக் முடிந்தது' என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டம் மறுபடி ஆரம்பித்த பிறகுதான் விபரீதம் புரிந்தது. இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்ததை, பிறகு வெளியிட்ட ஒலிப்பதிவில் உலகமே கேட்டது. லிவர்பூல் 2-1 என்று தோற்றது.

மெஷின் சரியாகச் சொன்னது. மனுஷன் தப்பாகக் கேட்டான். ஆக, தப்பு ஒழியவில்லை. மைதானத்திலிருந்து கிளம்பி ஏ.சி. ரூமுக்குக் குடிபோயிருக்கிறது.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வி.ஏ.ஆர். வருவதற்கு முன் 82 சதவிகிதமாக இருந்த சரியான தீர்ப்புகள் 96 சதவிகிதமாகிவிட்டன என்று பிரீமியர் லீக் 2024-ல் சொன்னது. இருக்கட்டும். நான் மறுக்கவில்லை. என் கேள்வி வேறு. இவ்வளவு கேமரா, இவ்வளவு செலவு, இவ்வளவு ராத்திரிச் சண்டை எல்லாம் எதற்கு? நியாயத்துக்காகத்தானே? அப்படியானால் அந்த நியாயம் மைதானத்தின் வெள்ளைக் கோட்டோடு ஏன் நின்றுவிடுகிறது?

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயமே ஆரம்பிக்கிறது.

★

கோவென்ட்ரிக்கே திரும்புவோம். அந்த செமி ஃபைனலுக்குப் பதினொரு மாதம் முன்னால், 2023 மே மாதம், அதே வெம்ப்லியில் அந்த டீம் பிரீமியர் லீக்குக்கு ஏறும் கடைசி மேட்சில் பெனால்டியில் தோற்றது. அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் என்ன ஆனது? அந்த சீஸனில் 21 லீக் கோல் அடித்த விக்டர் யோகரெஸை லிஸ்பன் கிளப் ஒன்று சுமார் 2 கோடி யூரோவுக்கு வாங்கிப் போனது. மிட்ஃபீல்டில் உயிராக இருந்த ஹாமரை ஷெஃபீல்டு யுனைடெட் வாங்கிப் போனது. கீழ் டிவிஷன் கிளப்பால் பிடித்து வைக்க முடியாது. அதே யோகரெஸுக்கு 2025-ல் ஆர்சனல் கொடுத்தது 6 கோடி யூரோவுக்கும் மேல்.

எதிரில் மான்செஸ்டர் யுனைடெட். 2022-ல் ஆன்டனி என்ற ஒரே ஆளுக்கு 9.5 கோடி யூரோ கொடுத்த கிளப். அந்த ஆன்டனிதான் அன்றைக்குப் பெனால்டியில் ஜெயித்ததும் காதில் கை வைத்து, 'எங்கே, இப்போ சத்தத்தைக் காணோம்?' என்று கோவென்ட்ரி ஆட்டக்காரர்களுக்கு அழகு காட்டியவர்.

சொல்லுங்கள், கோவென்ட்ரிக்கு நடந்த அநியாயத்தில் ஹாஜி ரைட்டின் கால் நுனி எத்தனை சதவிகிதம்?

அவசரப்பட்டு என்னைத் தப்பாகப் புரிந்துகொள்ளாதீர்கள். ஆட்டக்காரர் நல்ல சம்பளத்துக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. ஒரு காலத்தில் கான்ட்ராக்ட் முடிந்த பிறகும் ஆளை விடாமல் கிளப்புகள் மாட்டு வியாபாரம் மாதிரி விலை கேட்டுக்கொண்டிருந்தன. ஷான்-மார்க் போஸ்மன் என்ற பெல்ஜியம் ஆட்டக்காரர் தன் கரியரையே பலி கொடுத்து ஐரோப்பிய நீதிமன்றத்தில் போராடி, 1995 டிசம்பரில் அந்த விலங்கை உடைத்தார். அவருக்கு ஒரு கும்பிடு. நான் கேட்பது ஆட்டக்காரரின் சம்பளத்தை அல்ல, முதலாளியின் கணக்கை.

1905-ல் ஆல்ஃப் காமன் என்பவர் ஆயிரம் பவுண்டுக்குக் கிளப் மாறினார். ஒரு மனிதனுக்கு ஆயிரம் பவுண்டா என்று இங்கிலாந்தே வாயைப் பிளந்தது. 2017-ல் நெய்மாருக்கு பாரிஸ் கிளப் கொடுத்தது 22.2 கோடி யூரோ. அந்தக் கிளப்பின் பின்னால் இருப்பது கத்தார் தேசத்துப் பணம். ஒரு பக்கம் ஒரு நாட்டின் கஜானா. இன்னொரு பக்கம் டிக்கெட் விற்ற காசு. இந்த இரண்டையும் ஒரே மைதானத்தில் இறக்கிவிட்டு, நடுவில் கோடு மட்டும் மில்லிமீட்டர் சுத்தமாகப் போட்டால் நியாயம் வந்துவிடுமா?

செலவுக்குக் கட்டுப்பாடு உண்டே என்பீர்கள். உண்டு. மூன்று வருடத்தில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது என்று பிரீமியர் லீக் விதி வைத்திருந்தது. அதைப் பெரிய கிளப் எப்படிச் சமாளித்தது பாருங்கள். 2022-ல் கை மாறிய செல்சீ, ஆட்களை எட்டு வருடம், எட்டரை வருடம் என்று கான்ட்ராக்ட் போட்டு வாங்கியது. வீட்டு லோனில் வருடத்தைக் கூட்டினால் இ.எம்.ஐ. குறையுமே, அதே டெக்னிக். 10 கோடிக்கு வாங்கிய ஆளை ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் வருடச் செலவு 2 கோடி. எட்டு வருடத்துக்குப் பிரித்தால் ஒன்றேகால் கோடி. 2023-ல் ஐந்து வருடத்துக்கு மேல் பிரிக்கக்கூடாது என்று விதியை மாற்றினார்கள். அதற்குள் ஆட்கள் வந்து இறங்கியாகிவிட்டது.

இன்னொன்று. ஸ்டேடியத்தை ஒட்டியிருந்த தன் இரண்டு ஹோட்டல்களை செல்சீ 7.65 கோடி பவுண்டுக்கு விற்று வரவு காட்டியது. வாங்கியது யார்? அதே முதலாளியின் இன்னொரு கம்பெனி! வலது பாக்கெட் விற்றது, இடது பாக்கெட் வாங்கியது. பிரீமியர் லீக் இதை அனுமதித்தது. விதிப்படி தப்பில்லையாம். இதற்கு எந்த ரெஃப்ரியும் கொடி தூக்கவில்லை. ஐரோப்பிய அமைப்பான யுயெஃபா மட்டும் இப்படிப்பட்ட வரவுகளைக் கணக்கில் எடுக்காமல் 2025-ல் அபராதம் போட்டது.

எவர்ட்டன் கிளப் அதே நஷ்ட வரம்பை 1.95 கோடி பவுண்டு தாண்டியது. 2023 நவம்பரில் 10 பாயின்ட் வெட்டினார்கள். அப்பீலில் அது 6 ஆனது. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு 4 பாயின்ட் போனது. தப்பு செய்தால் தண்டனை, சரி. மான்செஸ்டர் சிட்டி மேல் 100-க்கும் அதிகமான விதிமீறல் குற்றச்சாட்டுகளை லீக் அறிவித்தது 2023 பிப்ரவரியில். அந்த விசாரணை தொடங்கவே 2024 செப்டம்பர் ஆனது. நடுவில் இரண்டு சீஸன் முடிந்தது. இரண்டிலும் சாம்பியன் சிட்டிதான். குற்றத்தை அந்த கிளப் மறுத்திருக்கிறது. அவர்கள் குற்றவாளி என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. நிரபராதி என்றாலும் இதே கேள்விதான். கால் நுனியைப் பார்க்க இரண்டு நிமிடம். கணக்கைப் பார்க்க உட்காருவதற்கே பத்தொன்பது மாதமா?

அதற்கு முன் யுயெஃபா இதே கிளப்புக்கு இரண்டு வருடத் தடை போட்டது. 2020 ஜூலையில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பல குற்றச்சாட்டுகள் நிரூபணமாகவில்லை, அல்லது காலக்கெடு கடந்துவிட்டது என்பது காரணம். காலக்கெடு! மைதானத்தில் அப்படி ஒரு சலுகை ஹாஜி ரைட்டின் காலுக்குக் கிடைத்திருக்கக்கூடாதா?

★

இப்போது உங்களிடமும், மூன்றாவது மாடிப் பையன்களிடமும் நேராகவே வருகிறேன்.

ஒவ்வொரு வாரமும் உங்கள் வாயில் வருவது ஒரே டயலாக். ''ரெஃப்ரி விலைபோயிட்டான்.'' ஸ்க்ரீன் ஷாட் எடுத்துக் கோடு போட்டு ராத்திரி இரண்டு மணி வரை சண்டை. ஒரு விஷயம் சொல்லட்டுமா? இத்தாலியில் நிஜமாகவே ரெஃப்ரி விவகாரம் ஒன்று 2006-ல் வெடித்தது. யுவென்டஸ் கிளப்பின் மேனேஜர் லூசியானோ மோஜ்ஜி, எந்த மேட்சுக்கு எந்த ரெஃப்ரி என்று முடிவு செய்கிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். யுவென்டஸின் இரண்டு சாம்பியன் பட்டம் பறிபோனது. கிளப்பைக் கீழ் டிவிஷனுக்கு இறக்கினார்கள். அதைக் கண்டுபிடித்தது எது? ஸ்லோமோஷனா? இல்லை. டெலிபோன் ஒட்டுக் கேட்பு. திருட்டு நடந்த இடம் பெனால்டி பாக்ஸ் அல்ல, ஆபீஸ். ஆயிரம் கேமராவை மைதானத்தில் நட்டிருந்தாலும் அது சிக்கியிருக்காது.

ரெஃப்ரியைத் திட்டுவது நமக்கு சுலபம். அவன் தனி ஆள். கண்ணுக்குத் தெரிகிறான். திருப்பித் திட்ட மாட்டான். முதலாளியின் பேலன்ஸ் ஷீட் கண்ணுக்குத் தெரியாது, படித்தால் தூக்கம் வரும். அதிலும் அது நம் கிளப்பின் பேலன்ஸ் ஷீட் என்றால் படிக்கவே மாட்டோம். டிரான்ஸ்ஃபர் சீஸனில் 'இன்னும் பத்து கோடி கொடுத்தாவது அவனை வாங்குங்கய்யா' என்று கத்துவதும் நாம்தான். அடுத்த மாதம் ஒரு பெனால்டி கிடைக்கவில்லை என்றதும் நியாயம் பேசுவதும் நாம்தான். நம் ஊர் வழக்கமே இதுதானே? சில்லறை இல்லை என்கிற பஸ் கண்டக்டரோடு கட்டிப் புரள்வோம். டிக்கெட் விலையை ஏற்றியவரை மாலை போட்டு வரவேற்போம்.

வேண்டாம் என்று சொல்ல முடியாதா? சொன்னவர்கள் இருக்கிறார்கள். ஸ்வீடனில் கிளப்புகளின் பெரும்பான்மை உரிமை உறுப்பினர்களான ரசிகர்கள் கையில்தான் இருக்க வேண்டும் என்று விதி. அந்த ரசிகர்கள் வி.ஏ.ஆர். வேண்டாம் என்றார்கள். கிளப்புகள் கேட்டன. 2024-ல் அந்த நாட்டுச் சங்கமும் கைவிட்டது. நார்வேயில் 2024 ஜூலையில் வி.ஏ.ஆரை எதிர்த்து ரசிகர்கள் மைதானத்தில் மீன் கேக்கை எறிந்ததில் ஒரு மேட்சே நின்றுபோனது. எறிவதை நான் ஆதரிக்கவில்லை. சாப்பிடுகிற பொருள் அது. மறு வருடம் சங்கம் வி.ஏ.ஆர். தொடரட்டும் என்றே ஓட்டுப் போட்டது. போகட்டும், ஓட்டாவது நடந்தது.

இங்கிலாந்தில் வுல்வ்ஸ் என்ற ஒரே ஒரு கிளப் 2024-ல் இதை எடுத்துவிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தது. 19-1 என்று தோற்றது. ஓட்டுப் போட்டவர்கள் முதலாளிகள். டிக்கெட் வாங்குகிறவனை யாரும் கேட்கவில்லை.

ஆக, என் கோரிக்கை மூன்று. கோல் லைன் மெஷின் இருக்கட்டும். மற்றதை சாதாரண வேகத்தில் ஓடவிட்டு, அரை நிமிடத்துக்குள் தப்பு பளிச்சென்று தெரியவில்லையா, களத்தில் நின்றவர் சொன்னதே தீர்ப்பு. இரண்டாவது, ரக்பியில் செய்கிற மாதிரி வீடியோ ரூமில் பேசுவது அந்த நிமிடமே ஸ்டேடியத்துக்கும் கேட்கட்டும். மூன்றாவதுதான் முக்கியம். எந்த ஆளை யார் பணத்தில் வாங்கினார்கள், புரோக்கருக்கு எவ்வளவு, முதலாளியின் சொந்தக் கம்பெனிகளோடு என்ன கொடுக்கல் வாங்கல்... இதெல்லாம் அந்த ஆள் சட்டை மாட்டிக் களத்தில் இறங்குவதற்கு முன் பொதுவில் வரட்டும். கணக்கில் தப்பென்றால் அந்த சீஸனுக்குள்ளேயே தீர்ப்பு. கோப்பையைத் தூக்கிக் காட்டி, ஊர்வலம் போய், வருடங்கள் கழித்து அல்ல.

இதை நாம் கேட்காவிட்டால் யாரும் தரப்போவதில்லை. உங்கள் வீட்டு டி.வி. சந்தாவும், நீங்கள் வாங்கும் ஜெர்ஸியும் சேர்ந்ததுதான் அந்தக் கோடிகள். கேட்கிற உரிமை சென்னையில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கும் உண்டு.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். ''எல்லாம் சரி அங்கிள். ஆனா அது ஆஃப்சைடுதான்'' என்றான்.

இருக்கட்டும் தம்பி. ஆஃப்சைடாகவே இருக்கட்டும். அடுத்த முறை யுனைடெட் ஒரு ஆளைப் பத்து கோடிக்கு வாங்கும்போது, அதற்கும் இப்படி ஒரு கோடு போட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்.